மரத்துக்குத் திறப்பு விழா

ஜும்ஆ பின் கமீஸ் செய்த ஒரே தப்பு, அனுமதி கேட்டது. கேட்காமல் வெட்டியிருந்தால் காக்கைக்குக்கூடத் தெரிந்திருக்காது. நான் அவனுக்கு அடுத்த வீட்டுக்காரன், நானும் சொன்னேன். அவன் மனைவி ரய்யாவும் சொன்னாள். "கோடாலி உங்ககிட்ட இருக்கு, மரம் நம்ம வாசல்ல இருக்கு, நடுவுல ஆபீஸ் எதுக்கு?" என்று அவள் கேட்டதற்கு, சட்டம் என்று ஒன்று இருக்கிறதே என்றான். இருக்கிறதுதான். யார் இல்லை என்றார்கள்?

நான் ராமநாதபுரத்துக்காரன். இந்த ஓமான் கடற்கரையில் படகு என்ஜின் பழுது பார்த்தே தலை நரைத்துவிட்டது. இங்கே இரண்டு வகை மரம் உண்டு. ஒன்று காஃப். ஒட்டகத்துக்குத் தீனி, மனிதனுக்கு நிழல், யாரிடமும் தண்ணீர் கேட்காது. அதை வெட்டினால் அபராதம், நியாயம்தான். இன்னொன்று குவைஃப். மணல் பறக்காமல் இருக்கட்டும் என்று ஒரு காலத்தில் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து அரசாங்கமே நட்டது. நட்டவர்கள் பதவி உயர்வில் போய்விட்டார்கள், மரம் போகவில்லை. முதன்முதலில் அதைப் பார்த்தபோது எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. நம் சீமைக்கருவேலமேதான். அதே முள், அதே அடங்காமை, கிணற்றைக் குடித்து முடித்துவிட்டு இன்னும் கொண்டா என்று நிற்கும் அதே தாகம். அது எனக்கு முன்னாலேயே இங்கே வந்துவிட்டது என்பதால் அதை அந்நியன் என்று திட்டவும் எனக்கு வாய் வராது.

வில்லங்கம் பெயரில் இருந்தது. இவர்கள் பேச்சில் ஒரு சொல்லைக் கொஞ்சம் நெளித்துச் சொன்னால் அது குட்டியாகிவிடும். கல்ப் என்றால் நாய், குலைப் என்றால் நாய்க்குட்டி. அந்தக் கணக்கில் குவைஃப் என்றால் சின்ன காஃப். இலை கொஞ்சம் காஃப் மாதிரி இருக்கிறதே என்று எவனோ போகிற போக்கில் வைத்த பெயர். அது வேறு, இது வேறு என்று ஊரில் ஆடு மேய்ப்பவன் முதல் பள்ளிவாசல் இமாம் வரை எல்லோருக்கும் தெரியும். தலைநகரத்தில் தெரியாது.

ஜும்ஆவின் வாசலுக்கு எதிரே, கடலைப் பார்த்த மணலில், அப்படி ஒரு குவைஃப் வளர்ந்து கிளையைத் தரையோடு பரப்பிக்கொண்டு நின்றது. அந்த மணலில்தான் ஒரு பச்சை ஆமை முட்டையிட வரும். இரண்டு மூன்று வருடத்துக்கு ஒரு முறை வருகிற அதே ஆமைதான். முதுகோட்டில் என்ஜின் விசிறி வெட்டிய தழும்பு இருக்கும், அது எந்த அளவு விசிறி என்றுகூட நான் சொல்லிவிடுவேன். இந்த வருடம் அது ஏறி வந்து, முள்ளில் முகத்தைக் கொடுத்துத் திரும்பிப் போனது. மறுபடி வந்தது, மறுபடி திரும்பியது. கடைசியில் வேறு வழியில்லாமல் கிளைக்கு அடியிலேயே வேரை விலக்கி விலக்கிக் குழி தோண்டி முட்டையிட்டுவிட்டுப் போனது. மணலில் அது போன தடம் நெடுக ரத்தம்.

"பிள்ளைத்தாச்சி நம்ம வாசலுக்கு வந்து நின்னா. நாம முள்ளைப் போட்டு வெச்சிருக்கோம், அபூ ஹம்தான்" என்றாள் ரய்யா. ஹம்தானின் அப்பா என்று மகன் பெயரைச் சொல்லித்தான் இங்கே எல்லோரும் ஜும்ஆவைக் கூப்பிடுவார்கள். அன்று முழுக்க அவள் சரியாகச் சாப்பிடவில்லை. ஜும்ஆவுக்கு அது தாங்கவில்லை. முட்டை பொரிக்க இரண்டு மாதம் ஆகும். அதற்குள் மரத்தை வெட்டி, முள்ளை வாரி, குஞ்சுகள் கடலுக்கு இறங்க வழி செய்துவிட வேண்டும். அவனுக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான்.

பூர்வீக உயிர்கள் பாதுகாப்பு மற்றும் அந்நியத் தாவர ஒழிப்புத் துறையின் கிளை அலுவலகம் எங்கள் ஊரில் உண்டு. பெயர்ப் பலகை கட்டடத்தைவிட நீளம் என்பதால் மீதிப் பெயர் மதில் சுவரில் தொடரும். அதன் அதிகாரி முஹன்னா தலைநகரத்துப் பிள்ளை. நல்லவன், அதைச் சொல்லாமல் இருக்கக் கூடாது. வந்தவனை உட்காரவைத்து, காப்பி ஊற்றி, பேரீச்சம்பழத் தட்டை நகர்த்திவிட்டுத்தான் முடியாது என்று சொல்வான்.

ஜும்ஆ விஷயத்தைச் சொன்னதும் முஹன்னாவின் முகம் மலர்ந்துவிட்டதாம். குவைஃபை ஒன்று விடாமல் ஒழிக்க வேண்டும் என்று சுற்றறிக்கையே வந்திருக்கிறதாம். தானாக முன்வந்து ஒரு குடிமகன் கேட்பது இதுவே முதல் தடவையாம். அப்படியானால் வெட்டிக்கொள்கிறேன் என்று ஜும்ஆ எழுந்தான். பொறுங்கள், முதலில் அது குவைஃப்தான் என்று குழு வந்து தீர்மானிக்க வேண்டும் என்று முஹன்னா உட்காரவைத்தான்.

குழு வந்தது. மூன்று வண்டி, ஒரு கூடாரம், காப்பிக் குடுவைகள், அல்வாத் தட்டு, புகைப்படக்காரன் ஒருவன். இவற்றோடு பச்சை வண்ணம் அடித்த ஒரு கோலையும் வெல்வெட் உறையில் வைத்துக் கொண்டுவந்தார்கள். பூர்வீக அளவுகோல் என்று அதற்குப் பெயர். சுற்றறிக்கையில் 'சின்ன காஃப்' என்று இருந்ததால், எதுவரை சின்னது என்று தலைமையகம் மாதக்கணக்கில் விவாதித்து, அந்தக் கோலை வெட்டி அனுப்பியிருந்தது. கோலுக்கு மேலே போனால் காஃப், பாதுகாக்க வேண்டும். கோலுக்குக் கீழே நின்றால் குவைஃப், பிடுங்க வேண்டும்.

மூத்த உறுப்பினர் பிஸ்மில்லா சொல்லிக் கோலை அடிமரத்தில் நிறுத்தினார். மரம் கோலைத் தாண்டி, கூடாரத்தைத் தாண்டி, மேலே எங்கேயோ போயிற்று.

முஹன்னா சொன்னான். "அண்ணாந்து பாருங்க, அபூ ஹம்தான். இதைப் போய் சின்ன காஃப்ங்கிறீங்களே."

"எவ்வளவு வளர்ந்தாலும் இது குவைஃப்தான், உஸ்தாத். இது வேற சாதி மரம்."

"நாய்க்குட்டி வளர்ந்தா என்ன ஆகும்?"

"நாய் ஆகும்."

"அதேதான்" என்றான் முஹன்னா. குழுவினர் தலையாட்டினார்கள்.

ஜும்ஆ விடவில்லை. காயைப் பறித்துக் காட்டினான், முள்ளை ஒடித்துக் காட்டினான், இரண்டு மரத்துக்கும் இலை எப்படி வேறு என்று விளக்கினான். சுற்றறிக்கையில் காயும் இல்லை, முள்ளும் இல்லை, உயரம் மட்டுமே இருக்கிறது என்று அவர்கள் பொறுமையாக எடுத்துச் சொன்னார்கள். அந்தப் பொறுமைதான் என்னைக் கொன்றது. சண்டை போட்டிருந்தால்கூடப் பதிலுக்கு நாலு வார்த்தை திட்டியிருக்கலாம். கடைசியில், இந்தக் கரையிலேயே உயரமான காஃப் இதுதான் என்று கண்டுபிடித்ததற்காக ஜும்ஆவின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, மரத்துக்குத் 'தாய் காஃப்' என்று பெயர் வைத்துவிட்டுப் போனார்கள்.

அரசாங்க வேலை மெதுவாக நடக்கும் என்று சொல்பவர்கள் இதை வந்து பார்த்திருக்க வேண்டும். பூர்வீக வாரம் என்று ஒன்று வரப்போகிறது, தலைமை இயக்குநர் வருகிறார், காட்டுவதற்கு ஒரு மரம் கிடைத்துவிட்டது. அப்புறம் கேட்கவா வேண்டும். மரத்தைச் சுற்றி ஆடு நுழையாதபடி பச்சை நிறப் பிளாஸ்டிக் வலையில் வேலி போட்டார்கள். எலி தோண்டிக்கொண்டு வரும் என்று வலையை முழங்கால் ஆழம் மணலுக்குள்ளும் இறக்கினார்கள். ஆமை முட்டையிட்ட குழி வேலிக்கு உள்ளே போயிற்று. மரத்துக்குச் சொட்டுநீர் வேண்டும் என்று ஜும்ஆவின் கிணற்றிலிருந்தே குழாய் இழுத்தார்கள். அந்தக் கிணற்று நீர் உப்புக் கரித்ததே இந்த மரம் குடித்த பிறகுதான். இப்போது அதற்குக் குழாயில் ஊட்டிவிட்டார்கள்.

குஞ்சுகள் அந்த வலைக்கண்ணில் நுழைந்து வெளியே வர முடியாது. ஜும்ஆ விரலை விட்டுப் பார்த்தான், விரலே போகவில்லை. மறுபடி அலுவலகத்துக்கு ஓடினான். இந்த முறை நானும் கூடப் போனேன். கடல் பக்கமாக வேலியில் ஒரு சின்ன வாசல் வைத்தால் போதும் என்றான்.

முஹன்னா விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினான். வேலிக்குள் இருப்பது பாதுகாக்கப்பட்ட பகுதி. அதற்குள் பிறப்பது எதுவானாலும் துறையின் பொறுப்பு. துறையின் பொறுப்பில் உள்ள ஓர் உயிர் வெளியே போவதென்றால் அதற்கு வெளியேற்ற அனுமதி வேண்டும்.

"தாய் எங்க வசிக்குது?" என்று கேட்டான்.

"கடல்ல."

"எந்த நாட்டுக் கடல்ல?"

ஜும்ஆ என்னைப் பார்த்தான். யெமன், சோமாலியாப் பக்கமெல்லாம் போகும் என்று சொல்வார்கள் என்று நான் வாயைக் கொடுத்தேன். கொடுத்திருக்கக் கூடாது.

"அப்போ தாய் வெளிநாடு. பிரசவத்துக்கு மட்டும் இங்க வந்துட்டுப் போயிடுது. பிள்ளைங்க இங்க பிறக்கப்போறதால பூர்வீகம். சரிதானே?" முஹன்னா உண்மையான கவலையோடு முன்னால் சாய்ந்தான். "நீங்களே ஒரு தகப்பன். நம்ம மண்ணுல பிறந்த சின்னப் பிள்ளைங்களை, கூட ஆள் துணையில்லாம, நான் எப்படி வெளிநாட்டுக்கு அனுப்புவேன், அபூ ஹம்தான்?"

தாயின் சம்மதம் கிடைத்தால் பரிசீலிக்கலாம் என்றான். இன்ஷா அல்லாஹ் என்றும் சொன்னான். இந்த அலுவலகத்தில் அந்தச் சொல்லைக் கேட்டால் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான். வெளியே வந்ததும் ஜும்ஆ, அந்த ஆமையை இப்போது எங்கே போய்த் தேடுவது என்று என்னிடம் கேட்டான். அவன் கேலிக்குக் கேட்கவில்லை. அந்த அலுவலகத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தால் யாருக்கும் அப்படித்தான் ஆகும்.

பூர்வீக வாரம் பிறந்தது. கூலிக்கு வந்த வங்காளத்துப் பையன்கள் அளவுகோலின் நகல் ஆளுக்கொன்று வைத்துக்கொண்டு ஊரைச் சல்லடையாகச் சலித்தார்கள். கோலுக்கு மேலே நின்ற குவைஃபுக்கெல்லாம் எண் பலகை அடித்தார்கள். கோலுக்குக் கீழே நின்றதையெல்லாம் பிடுங்கினார்கள். ரய்யா ஆட்டுப்பட்டிக்குப் பின்னால் மூன்று காஃப் கன்று வளர்த்துவந்தாள். நிஜமான காஃப். ஆடு கடிக்காமல் இருக்கப் பழைய மீன் கூண்டுகளைக் கவிழ்த்து வைத்திருந்தாள். அதையும் தூக்கிப் போட்டுவிட்டுப் பிடுங்கினார்கள். இது காஃப் என்று அவள் குறுக்கே போய் நின்றாள். சின்னதாக இருக்கிறதே என்றார்கள். பிறக்கும்போதே பெரிதாகப் பிறக்குமா என்று கேட்டாள். அந்தப் பையன்களுக்கும் புரிந்துதான் இருந்தது. ஆனால் பிடுங்கிய கட்டுக்குத்தானே கூலி. அவள் அந்த மூன்று கன்றையும் கட்டிலிருந்து உருவி எடுத்து மறுபடி ஊன்றி வைத்தாள். வேர் அறுந்திருந்ததால் இரண்டே நாளில் காய்ந்துவிட்டன.

விழா நாளும் பொரிக்கிற நாளும் ஒன்றாக வந்து தொலைத்தன. அன்று சாயங்காலமே குழிக்கு மேல் மணல் லேசாக உள்வாங்கியிருப்பதை ஜும்ஆ வேலிக்கு வெளியே குந்தி உட்கார்ந்து பார்த்துவிட்டான். குஞ்சுகள் கீழே அசைய ஆரம்பித்துவிட்டன என்பதற்கு அதுதான் அடையாளம். முஹன்னாவைத் தேடிப் போய்ச் சொன்னான். தலைமை இயக்குநரின் நிகழ்ச்சி நிரலில் அது இல்லையே என்று முஹன்னா வருத்தப்பட்டான்.

மஃரிப் தொழுகை முடிந்து இருட்டியதும் விழா தொடங்கியது. மரத்தின் அடியில் பெரிய விளக்குகளை மேல்நோக்கி வைத்திருந்தார்கள். தலைமை இயக்குநர் பொத்தானை அமுக்கியதும் மரம் பளீரென்று எரிந்தது. கை தட்டினார்கள். மரத்துக்குத் திறப்பு விழா நடந்து நான் பார்த்தது அன்றுதான். வெள்ளை திஷ்தாஷா அங்கியும் பட்டுத் தலைப்பாகையும் இடுப்பில் வெள்ளிக் கத்தியுமாக அவர் பேச எழுந்தார்.

"சென்ற ஆண்டு இந்தக் கரையில் அந்நியச் செடிகள் மிகக் குறைவாகவே இருந்தன" என்று ஆரம்பித்தார். "நம் துறையின் அயராத உழைப்பால் இந்த ஆண்டு அதைப் போலப் பத்து மடங்கு பிடுங்க முடிந்திருக்கிறது. அடுத்த ஆண்டு இன்னும் அதிகம் முளைக்கும், இன்னும் அதிகம் பிடுங்குவோம் என்று இந்தத் தாய் மரத்தின் முன்னால் உறுதி கூறுகிறேன். சிலர் என்னிடம் கேட்கிறார்கள், செடிகளே இல்லாமல் போய்விட்டால் துறை என்ன செய்யும் என்று. அந்த நிலை வராமல் பார்த்துக்கொள்ள நாங்கள் இருக்கிறோம்."

பலத்த கைதட்டல். அந்தச் சத்தம் அடங்குவதற்குள் குழியின் மணல் உடைந்தது.

முதலில் ஒன்று தலையை நீட்டியது, பிறகு கும்பலாகக் கொப்பளித்துக்கொண்டு வெளியே வந்தன. உள்ளங்கை அகலம்கூட இல்லாத கருத்த குஞ்சுகள். இருட்டில் கடல்தான் வெளிச்சம் என்று அவற்றுக்கு எழுதியிருக்கிறது, எங்கே வெளிச்சமோ அங்கே ஓடும். அன்று வெளிச்சம் மரத்தடியில் இருந்தது. எல்லாமே முதுகைக் கடலுக்குக் காட்டிக்கொண்டு, முள் மெத்தை மேல் ஏறி, அந்த விளக்குகளை நோக்கி ஓடின. சூடான கண்ணாடியில் முட்டின, முள்ளில் மாட்டிக்கொண்டு துடுப்பை அடித்துக்கொண்டன. கூட்டம் எழுந்து நின்று போனைத் தூக்கிப் படம் எடுத்தது.

ஜும்ஆ முஹன்னாவின் கையைப் பிடித்துக்கொண்டான். "விளக்கை அணைக்கச் சொல்லுங்க, உஸ்தாத். எல்லாம் செத்துப்போகும்."

"அவர் பேசி முடிக்கட்டும்" என்றான் முஹன்னா.

தலைமை இயக்குநர் கூட்டத்தைக் கையமர்த்தினார். எழுதிவந்த தாளை மடித்து வைத்துவிட்டார். "பாருங்கள்! ஒன்றுகூடக் கடல் பக்கம் திரும்பவில்லை. வெளிநாட்டுத் தாய்க்குப் பிறந்தும், பிறந்த மண்ணை விட்டுப் போக இவற்றுக்கு மனம் வரவில்லை. தாய் காஃபின் காலடியைத் தேடி ஓடுகின்றன. நாட்டுப்பற்று என்றால் இதுதான்" என்றார். முன்வரிசையில் இருந்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

ஜெனரேட்டர் என் கடையில் வாடகைக்கு எடுத்தது. நான் பின்பக்கம் ஓடிப்போய் அதை அணைத்தேன். ஒரு கணம் கரை முழுக்க இருண்டது, கடல் லேசாக வெளுத்துத் தெரிந்தது, குஞ்சுகளில் சில திரும்பவும் செய்தன. அதற்குள் மின்சாரம் போய்விட்டதே என்று இருந்தவர்கள் எல்லோரும் போன் விளக்கைப் போட்டுவிட்டார்கள். முன்னைவிட வெளிச்சம் அதிகமாகிவிட்டது.

ஜும்ஆ தூண்டில் இரை நறுக்கும் கத்தியால் வலையைக் கிழித்துக்கொண்டு உள்ளே போனான். செருப்பு எங்கேயோ போய்விட்டது, வெறுங்காலில் முள் மேல் மண்டியிட்டு, திஷ்தாஷாவைத் தொட்டில்போல ஏந்திக் கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டான். மடியோடு ஓடி அலையில் இறக்கிவிட்டுத் திரும்பினான். இரண்டாம் முறை உள்ளே நுழையும்போது காவலர்கள் பிடித்துக்கொண்டார்கள், விழா முடிந்த பிறகுதான் விட்டார்கள். ரய்யா கிழிசலுக்கு அருகே உட்கார்ந்து கையை உள்ளே நீட்டி நீட்டிப் பார்த்தாள். எட்டியது கொஞ்சம்தான். மீதியைக் காலையில் நாங்கள் விளக்குகளைச் சுற்றிப் பொறுக்கினோம், ஒன்றுகூட அசையவில்லை. நண்டு இழுத்துக்கொண்டு போனது போக மீதி இருந்ததை ஜும்ஆ ஒரு கூடையில் போட்டுக் கடலில் விட்டான். அப்போது அவன் அழுதுகொண்டிருந்தான், நானும்தான்.

மறுநாள் அலுவலகத்துக்குக் கூப்பிட்டார்கள். முள் குத்தி வீங்கிய காலோடு அவனால் நடக்க முடியவில்லை, என் வண்டியில் கூட்டிப் போனேன். முஹன்னா காப்பி ஊற்றினான், பேரீச்சம்பழத்தை நகர்த்தினான். பூர்வீக உயிர்களை அனுமதியின்றி நாட்டைவிட்டு வெளியேற்றியது பெரிய குற்றம் என்றான். ஆனால் தலைமை இயக்குநர் மனம் குளிர்ந்து போயிருக்கிறார், ஏழை மீனவன் மேல் வழக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தாயையும் பிள்ளைகளையும் இனி யாரும் பிரிக்காதபடி பிளாஸ்டிக் வலையை எடுத்துவிட்டு இரும்பு வேலி போடவும் உத்தரவிட்டிருக்கிறார். ஜும்ஆ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்றுதான்.

"எடுத்துட்டுப் போனதைத் திருப்பிக் கொண்டுவந்து வெச்சிடுங்க. விஷயத்தை அதோட முடிச்சிடலாம்."

ஜும்ஆ காப்பிக் கிண்ணத்தைக் கீழே வைத்தான். அவன் கத்தப்போகிறான் என்று நான் பயந்தேன். அவன் கத்தவில்லை.

"நான் கொண்டுவர வேண்டியதில்லை, உஸ்தாத். பிழைச்சா அவங்களே வருவாங்க. பிறந்த இடத்துக்குத்தான் முட்டையிட வருவாங்க. முப்பது வருஷம் ஆகும். அன்னிக்கு அங்க வேலி இருக்கக் கூடாது. அது மட்டும் போதும் எனக்கு."

முஹன்னாவுக்குப் பெரிய நிம்மதி. முகம் தெளிந்து, பேனாவை எடுத்து, தான் எழுதுவதைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதினான். குற்றம் சாட்டப்பட்டவர் ஒத்துழைப்பதாகக் கூறினார். உயிர்களைத் திருப்பி ஒப்படைக்க முப்பது ஆண்டுகள் அவகாசம் வழங்கப்படுகிறது. அதுவரை அவற்றின் இடத்தை வேறு யாரும் எடுத்துக்கொள்ளாதபடி, வேலி கடல் பக்கம் இன்னும் உயர்த்திக் கட்டப்படும்.